பூட்டுக்கு உள்ளே ஒரு பிள்ளை

சண்டையால் மின்சாரம் நின்றுபோன வருடங்களில், பழம்பொருட்கள் வைத்த ஒரு சிறிய நூதனசாலையில் நான் வாச்சராக இருந்தேன். ஒல்லாந்தர் காலத்து வீடு. தடித்த சுவர், சின்ன யன்னல்கள், வாசல் ஒன்றுதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிய காரியம். ஆனால் எதை நினைத்தாலும் எனக்குப் பயம்.

குண்டு போட பொம்மர் வரத் தொடங்கியதும், வெடித்தால் சிதறாமல் இருக்கட்டும் என்று கண்ணாடிப் பெட்டிகளில் குறுக்கும் நெடுக்குமாகத் தாள் ஒட்டினேன். பார்க்க வந்த ஒரு மனிசி எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, தாள் பார்க்கவா இவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கினேன் என்று கேட்டுவிட்டுப் போனார். பிறகு வருகிற ஒன்றிரண்டு பேரும் நின்றுபோனார்கள்.

பொறுப்பதிகாரிக்கு அது பெரிய கவலை. பள்ளிப் பிள்ளைகளாவது வரவேண்டும் என்றார். கடைசியில் இருவருமாகக் கண்ணாடிகளையே கழற்றிச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, பொருட்களை மேசைகளில் பரப்பினோம். பெயர் அட்டைகளை நான் பெரிய எழுத்தில் எழுதினேன். பிழை இருக்குமோ என்று ஒவ்வொன்றையும் அவரிடம் இரண்டு தரம் காட்டினேன். பார்த்தவர்கள் ஏதும் எழுத ஒரு கொப்பியை மூலையில், பெரிய அலுமாரிக்குப் பின்னால் வைத்தோம். கண்ணாடி இல்லாதபடியால் ஒரு கட்டளையும் வந்தது: ஐந்து நிமிடம் வெளியே போனாலும் வாசலைப் பூட்டவேண்டும். என் சுபாவத்துக்கு அதைச் சொல்லவே தேவையில்லை.

குருநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு ரீச்சர் விசாரிக்க வந்தார். பங்கர் இருக்கிறதா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. முற்றத்தில் கிடங்கு வெட்டியிருக்கிறது, பனங்குற்றி போட்டு மூடியது என்றேன். அதோடு விட்டிருக்கலாம். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் வராது, நான் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முப்பத்திரண்டு பிள்ளைகள் வந்தார்கள். துளை போட்ட சுட்டமண் உருண்டை ஒன்றுக்கு முன்னால் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெட்டை நின்றுவிட்டாள். ‘பயன் தெரியவில்லை’ என்று அட்டையில் எழுதியிருந்தேன்.

“உது மீன்வலையிலை பாரத்துக்குக் கட்டிறதெல்லோ. எங்கடை அப்பாட்டைப் பழசு கிடக்கு,” என்றாள் பக்கத்தில் நின்றவளிடம்.

“அப்ப கொப்பாவையும் கொண்டந்து மேசையிலை இருத்துவம்,” என்றாள் மற்றவள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அதைக் கொப்பியில் எழுதச் சொல்லி அவளை மூலைக்கு அனுப்பியது நான்தான்.

கொஞ்ச நேரத்தில் பொம்மர் இரைச்சல் கேட்டது. பிள்ளைகள் பழகினவர்கள், கத்தாமல் பங்கருக்கு ஓடினார்கள். கடைசியாக நான் வெளியே வந்து கதவைப் பூட்டினேன். பூட்டை இழுத்தும் பார்த்தேன்.

பங்கருக்குள் ரீச்சர் தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். முப்பத்தொன்று. திரும்பவும் எண்ணினார். அவர் முடிக்கமுதல் நான் வெளியே பாய்ந்துவிட்டேன். எங்கேயோ ஒரு குண்டு விழுந்து நிலம் அதிர்ந்தது. திறப்பு பூட்டுக்குள் போகமாட்டேன் என்றது.

“ஐயா, கதவு திறபடுதில்லை,” என்று உள்ளே இருந்து அந்தப் பெட்டையின் குரல்.

“நான் நிக்கிறன் பிள்ளை. சுவரோடை குந்து.”

திறந்தபோது பொம்மர் திரும்பவும் தாழப் பதிந்து வந்தது. பங்கருக்கு ஓட நேரமில்லை. உள்ளே போய் அவளை அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே தள்ளி, பக்கத்தில் குப்புறப் படுத்தேன். யன்னல்கள் அடித்துக்கொண்டன. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு இரைச்சல் கடல் பக்கமாகப் போனது.

ரீச்சர் ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நீங்கள் இல்லாட்டி என்ரை பிள்ளையை ஆர் பாத்திருப்பினம்?”

பூட்டியது நான் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் பின்னால் வந்த பொறுப்பதிகாரி என் முதுகில் தட்டினார். வெள்ளிக்கிழமை அடுத்த வகுப்பைக் கூட்டிவரலாமா என்று ரீச்சர் கேட்க, அவர் ஓம் என்றார்.

அந்தப் பெட்டை சட்டையைத் தட்டிக்கொண்டு என்னருகே வந்து, மற்றவர்களுக்குக் கேளாமல் சொன்னாள்: “அடுத்தமுறை உள்ளுக்கை பாத்திட்டுப் பூட்டுங்கோ ஐயா.” கோபமில்லை. சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றாள்.

நான் பூட்டியதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை போலும். வெள்ளிக்கிழமை ரீச்சர் புது வகுப்போடு வந்து என்னைக் காட்டினார். “இவர்தான் அண்டைக்குப் பிள்ளையைக் காப்பாத்தினவர்.” பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக வணக்கம் சொன்னார்கள். நானும் கைகூப்பினேன்.