நெல் மெத்தை

அமெரிக்கா எங்கே இருக்கிறது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், மலை இறங்கியதும் என்று சொல்லியிருப்பேன். அந்த வருஷம் எங்கள் வீட்டுப் பேச்சில் அது அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

தென்காசியில், பங்குனியில் அறுக்கும் பிசான நெல்லைச் சாரலுக்கு முன்பே விற்றுவிடுவார்கள். சாரல் இறங்கிவிட்டால் அடுக்களையில் உப்பே நீராகிவிடும்; நெல் எம்மாத்திரம்! ஆவணியில் என் அத்தைக்குக் கல்யாணம். அந்த நெல்தான் நகை, பந்தல், சாப்பாடு எல்லாம். ஆனால் நெல் பிடிக்க வந்த வியாபாரி பாதி விலை சொன்னார்.

“அமெரிக்காவுல பாங்கியெல்லாம் முங்கிட்டு அண்ணாச்சி. ரங்கூன் அரிசியை வெளிநாட்டுல வாங்க ஆளில்ல. கப்பல் கப்பலா தூத்துக்குடியில கொண்டாந்து தட்டுதான். நான் என்ன செய்ய?”

“எவனோ பாங்கியை முக்கினதுக்கு என் தங்கச்சி கல்யாணம் நிக்கணுமா வே? வெலை ஏறட்டும். அதுவரை ஒரு நெல்மணி வெளிய போவாது” என்றார் அப்பா.

பத்தாயம் நிறைந்து, மிச்ச நெல் நடுக்கூடத்தில் மலையாகக் குவிந்தது.

விலை வரவில்லை, சாரல் வந்தது. குற்றாலத்துக் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாக நடந்தது. அது உள்ளே வரக்கூடாதென்று அப்பா ஜன்னல்களை அடைத்தார். நெல்லின்மேல் வைக்கோல் பரப்பி, சாக்குப் போட்டு இறுக்கி மூடினார். படுக்க வேறு இடமில்லை. அத்தையும் நானும் மலையேறினோம். ஓட்டின்மேல் சாரல் பொடிந்துகொண்டே இருக்கும். மேகத்தில் கிடப்பதுபோலிருக்கும், மேகம் நடுநடுவே அரிக்கும். அத்தை என் முதுகைச் சொறிந்தபடி, “அமெரிக்காக்காரனுக்கு இந்த மெத்தை கெடைக்குமாலே?” என்பாள். எனக்கு அவர்கள்மேல் இரக்கமாக வரும். உலகப் பொருளாதாரத்தில் நான் அதற்கப்பால் அதிகம் முன்னேறவில்லை.

ஆடியில் ஒரு காலை விழித்தபோது வெளியே பல் தந்தியடிக்கும் குளிர். அடியிலோ பசுவின் வயிற்றில் சாய்ந்ததுபோல வெதுவெதுப்பு.

“அத்தே, நெல்லு சுடுது!” என்றேன் குதூகலமாக.

அத்தை பதறி எழுந்து, சாக்கை விலக்கி, முழங்கைவரை கையை உள்ளே விட்டாள். புளித்த வாடை வந்தது. அவள் விரல்களில் ஒட்டியிருந்த மணிகளில் வெள்ளை வெள்ளையாக முளை. அப்பாவைக் கூப்பிட்டாள். அவரும் கையை உள்ளே விட்டார். எடுக்கவேயில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

பாவம், குளிர் காய்கிறார்கள் என்று, நான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.