நாற்காலியோடு விழுந்தவள்

செட்டில் அவளுக்கு ரப்பர் என்று பெயர். எங்கே தூக்கி அடித்தாலும் எழுந்து வந்துவிடுவாள் என்பதால் ஃபைட் மாஸ்டர் வைத்த பெயர் அது. எழுந்து வராமல் என்ன செய்வாள், அடுத்த டேக்குக்கு யார் விழுவது? பதினான்கு வருஷமாகக் கதாநாயகிகளுக்கு டூப் போடுகிறாள். அவளைத் தூக்கி எறிகிற வில்லனுக்கு டூப் போடுபவன் அவளுடைய வீட்டுக்காரன். பகலெல்லாம் பெண்டாட்டியைச் சுவரில் மோதிவிட்டு, வீட்டுக்குப் போய் அதே கையால் தைலம் தேய்த்துவிடுவான். பொல்லாத பிழைப்பு.

இப்போது எடுக்கிற படத்தின் நாயகி வேறு கிரகத்துக்காரி. உள்ளங்கையைத் திறந்தால் நெருப்பு வரும். முதல் பாகத்தில் ஓர் இரும்புப் பாலத்தையே உருக்கித் தள்ளினாள். அவ்வளவு வல்லமை இருந்து என்ன புண்ணியம்? இடைவேளைக்கு முன்னால் எவனாவது ஒருவன் அவளைக் கண்ணாடியில் வீசிவிடுவான். அதைப் பார்த்து நாயகனுக்குக் கோபம் வரவேண்டும், அவ்வளவுதான் விஷயம். நாயகனின் உடுப்பு கழுத்திலிருந்து கால்வரை மூடியது. அவனுடைய டூப் உள்ளே பஞ்சும் தகடுமாகக் கட்டிக்கொண்டு, மெத்தையில் புரள்வதைப் போல விழுவான். நாயகிக்கோ கையில்லாத உடுப்பு, அதுவும் தொடையோடு நின்றுவிடும். பஞ்சை எங்கே வைப்பது, தலையிலா? முதல் பாகத்தில் ரப்பருக்கு ஒன்பது தையல். இரண்டாம் பாகத்தில் இடது முழங்கை போயிற்று. கம்பி வைத்துச் சேர்த்த டாக்டர், இன்னொரு அடி பட்டால் இந்தக் கை மடங்கவே மடங்காது என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்.

அதனால் மூன்றாம் பாகம் தொடங்குமுன் அவள் கதாசிரியரிடமே போய் நின்றாள். நாயகிக்கு முழுக்கை உடுப்பு என்று கதையில் ஒரு வரி எழுதிவிடுங்கள், உள்ளே காப்பு கட்டிக்கொள்கிறேன் என்றாள். கதாசிரியர் நல்ல மனுஷர். தழும்பைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார். பாவம் இவளுக்கு இவ்வளவு அடி வேண்டாம் என்று சண்டையையே தூக்கிவிட்டு, நாயகியை நாற்காலியில் கட்டிப்போட்டார். நாயகன் வந்து அவிழ்க்கும்வரை உட்கார்ந்திருந்தால் போதும். உடுப்பு மட்டும் பழையபடியே இருந்தது.

சும்மா உட்கார விட்டுவிடுவார்களா? நாற்காலியோடு அவள் மேடையிலிருந்து விழுந்தால்தான் டைரக்டருக்குத் திருப்தி. நடிகை மாட்டேன் என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ரப்பரைக் கூப்பிட்டார்கள்.

விழுகிறவளுக்குக் கைதான் உயிர். உள்ளங்கை முதலில் தரையை அறைந்தால்தான் எலும்பு தப்பும். அந்தக் கையைக் கட்டப் போகிற கயிற்றை அவள் பார்த்தாள். கதாசிரியர் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

“சார், இவ கையில நெருப்பு வருமே. கயிறு எரியாதா?”

அவர் கையிலிருந்த கதைத் தாளைப் புரட்டிப் பார்த்தார். “அன்னிக்கு அவ ரொம்ப சோர்ந்து போயிருக்காம்மா.”

கட்டுகிற வேலை வீட்டுக்காரனுடையது. இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகப் போட்டான். யாரும் கவனிக்கவில்லை. டேக் தொடங்கியதும் நாற்காலியைக் காலால் தள்ளினான். ஆறடி உயரம். விழுகிற வேகத்தில் அவள் கையை உருவிக்கொண்டு உள்ளங்கையால் தரையை அறைந்தாள். நாற்காலி நொறுங்கியது, முழங்கை தப்பியது. அத்தோடு கிடந்திருக்க வேண்டும். பதினான்கு வருஷத்து ஆத்திரம் அவளைக் கிடக்க விடவில்லை. உடைந்த நாற்காலிக் காலை எடுத்துக்கொண்டு மேடை ஏறினாள். வில்லன் உடுப்பில் நின்றவனைத் தோளில் ஒன்று போட்டாள், விலாவில் ஒன்று, முதுகில் ஒன்று. அவன் உடம்பெல்லாம் பஞ்சு கட்டியிருப்பது அவளுக்குத் தெரியும். மூன்றாவது அடியில் கட்டை இரண்டாக முறிந்தது. அவன் சுருண்டு விழுந்தான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. லைட் போடுகிற ஆட்கள் கை தட்டினார்கள்.

டைரக்டர் தட்டவில்லை. இவளே அடித்துவிட்டால் நாயகன் எதற்கு வருகிறான் என்று கேட்டார். வேறு நாற்காலி வந்தது. இந்தத் தடவை மாஸ்டரே வந்து கயிற்றை இறுக்கினார். முடியாது என்றால் புருஷனும் பெண்டாட்டியும் இனி இந்தப் பக்கமே வரவேண்டாம் என்று அவள் காதருகே சொன்னார். வீட்டுக்காரன் தள்ள மாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டான். நாற்காலியைத் தள்ள வேறொருவன் காலைத் தூக்கினான்.

“நீங்களே தள்ளுங்க,” என்றாள் புருஷனிடம். “அவன் தள்ளுனா என் கழுத்து போயிடும்.”

வீட்டுக்காரனே தள்ளினான். இடது பக்கமாக விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் மேடைமேல் நின்ற அவனுக்கே கேட்டது. உள்ளே வைத்த கம்பி தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அவள் அலறினாள். டேக் ஓகே என்றார் டைரக்டர்.

படம் வந்தபோது இருவரும் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்தார்கள். அவளுடைய இடது கை மடங்காமல் பக்கத்து இருக்கைவரை நீட்டிக்கொண்டிருந்தது. படத்தில் அவளுடைய அலறல் இல்லை. நடிகையின் முனகலைச் சேர்த்திருந்தார்கள். நாயகன் பறந்து வந்து, நாற்பது பேரைக் கொன்றுபோட்டு, கயிற்றை அவிழ்த்தான். நீ வருவாய் என்று எனக்குத் தெரியும் என்றாள் நாயகி. கைதட்டலில் தியேட்டர் அதிர்ந்தது. பெயர்கள் ஓடத் தொடங்கியதும் ஜனம் எழுந்தது. போகலாமா என்று வீட்டுக்காரன் கேட்டான்.

“இருங்க. நான் எந்திரிச்சு அடிச்சேனே, அது கடைசியில வந்தாலும் வரும்.”

அவனும் உட்கார்ந்துகொண்டான். திரை வெளுத்து, தரையைக் கூட்டுகிறவர் விளக்குமாறோடு வந்து நிற்கும்வரை இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.