செவலைக் கோழியின் மொட்டைக் கால்

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் பெரிது. துணி துவைக்கிற கல், ஒரு கொய்யா மரம், இரண்டு முருங்கை, அதற்கப்பால் பக்கத்து வீட்டையும் எங்களையும் பிரிக்கிற மூங்கில் படல். என் கணவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. அவர் பகலில் தூங்குகிற வாரங்களில் வீட்டுக்குள் மிக்ஸி ஓட்ட முடியாது, டிவி போட முடியாது. குக்கர் விசில் அடித்தால்கூட மனசு பதறும். அதனால் அந்த நேரத்தையெல்லாம் பின்பக்கத்தில் கழிக்கப் பழகினேன். கோழி வளர்க்க ஆரம்பித்ததும் அப்படித்தான். வடலூர் சந்தையில் வாங்கி வந்த குஞ்சுகளில் தேறியவை நாலைந்து. அவற்றில் ஒன்று செவலை.

செவலை மற்ற கோழிகளைப் போல இல்லை. நொய் போட்டால் முதலில் ஓடி வரும், ஆனால் கையருகே வராது. ஒரு முழம் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துவிட்டுத்தான் கொத்தும். என்னிடம் அதற்கு எந்தப் பயமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை என்று தோன்றும்.

படலுக்கு அந்தப் பக்கத்து அக்கா வடலூர்க்காரர். வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்கு ஜோதி பார்க்கப் போகிற குடும்பம். அவர்கள் வீட்டில் கறி கிடையாது, மீன் கிடையாது, முட்டைகூடக் கிடையாது. நாங்களோ ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வரும்போதே கறிக்கடையில் நின்று வாங்கிக்கொண்டு வருகிற ஆட்கள். மசாலா வாசனை கிளம்பினால் அக்கா அடுப்படி ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்திக்கொள்வார். அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எங்களுக்குள் இருந்த ஒரே வழக்கு கீரைப் பாத்திதான். அவர் ஆசையாகப் போட்ட தண்டங்கீரையையும் சிறுகீரையையும் என் கோழிகள் படலுக்கு அடியில் நுழைந்துபோய்க் கிளறிவிடும்.

"ஏம்மா, ஒங்கோழிங்கள கொஞ்சம் கட்டிப் போடேன். வெத தெளிச்சிட்டுத் திரும்பறதுக்குள்ள பொறுக்கிகினு போயிடுதுங்க."

"கோழிய எப்படிக்கா கட்டிப் போடுறது?"

கடைசியில் அவரே ஒரு வழி செய்தார். கடலூரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த பழைய மீன்வலையைப் பாத்தியைச் சுற்றிக் குச்சி நட்டுக் கட்டினார். கோழிகள் உள்ளே போவது நின்றது. நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து பின்கதவைத் திறந்தேன். படலுக்கு அப்பால் அக்கா தரையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஈர மண்ணில், சப்பணமிட்டு. மடியில் செவலை. கோழியைத் தொட்டாலே குளிக்கிற மனுஷி அவர். புடவையெல்லாம் எச்சமும் மண்ணும். பக்கத்தில் அரிவாள்மணையும் துண்டு துண்டாக அறுந்த வலையும் கிடந்தன.

"நீ எங்கம்மா போயிட்ட? எவ்வளவு நேரமா இழுத்துகினு கெடந்துச்சோ தெரியல. நான் கீர பறிக்கலாம்னு இப்பத்தான் வந்தேன்" என்றார்.

செவலையின் வலது காலில், விரல்கள் பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, நைலான் நூல் சதைக்குள் பதிந்திருந்தது. வலையை அறுத்து எடுத்த அக்காவால் அந்த இறுக்கத்தை மட்டும் எடுக்க முடியவில்லை. நான் தையல் பிரிக்கிற ஊசியைக் கொண்டுவந்து, அவர் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு இழையாக நெம்பி அறுத்தேன். கோழி ஒரு சத்தம் போடவில்லை. கண்ணை மூடி மூடித் திறந்தது. பாதம் கறுநீலமாக வீங்கிக் குளிர்ந்து போயிருந்தது.

அதற்குள் என் கணவர் வந்து பார்த்தார். கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். ஆடு மாடு கோழிகளோடு வளர்ந்தவர், அவருக்கு இதில் தயக்கமே கிடையாது.

"கால் போச்சி. நொண்டிக் கோழிய வச்சிகினு என்ன பண்ணப் போற? மத்ததுங்க கொத்தியே கொன்னுடும். இன்னிக்கே அடிச்சிக் கொழம்பு வச்சிடு."

அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. எனக்கும் ஒரு கணம் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் அக்கா கோழியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எங்கிட்ட குடுத்துடுங்க. நான் கட்டுன வல. அது கால் போனதுக்கு நான்தான் காரணம். பொழைக்குதோ இல்லியோ, நான் பாத்துக்கறேன்."

அன்றைக்கு எங்கள் வீட்டில் சாம்பார்தான்.

மறுநாள் செவலையை ஒயர்கூடையில் போட்டு, மேலே துண்டு மூடி, நாங்கள் இருவரும் பஸ் ஏறி வடலூர் போனோம். கூடை ஒருமுறை கொக்கரித்தது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். கால்நடை மருத்துவருக்கு இளவயது. "ஒரு கோழிக்கு ரெண்டு பேரா வந்தீங்க?" என்று சிரித்தவர், பாதத்தைத் தொட்டதும் சிரிப்பை நிறுத்தினார்.

"பாதத்துக்கு ரத்த ஓட்டமே இல்லம்மா. காஞ்சி தானா உழுந்துடும். நீங்க வெட்டிடாதீங்க. மேல சீழ் ஏறாம பாத்துக்குங்க, அது போதும். தீனி எடுக்குதா?"

"எடுக்குதுங்க."

"அப்ப பொழைச்சிக்கும்."

மருந்தும் ஊசியும் போட்டு அனுப்பினார். கோழி எங்கள் பக்கமே இருந்தது, கூடு இங்கேதான் என்பதால். கொய்யா மரத்தடியில் கவிழ்த்த பஞ்சாரக் கூடைக்குள் தனியாக வைத்தோம். காலையில் பூஜை முடித்த கையோடு அக்கா வருவார். நெற்றியில் விபூதி காயாமல் இருக்கும். வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவி, மருந்து வைத்து, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துச் சுற்றிலும் தடவுவார். பழைய வேட்டித் துணியில் கட்டு. முதல் சில நாட்கள் நான் கோழியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு அதுவும் தேவைப்படவில்லை. யாரிடமும் கையருகே வராத செவலை, அவர் முழங்கையில் தலையை வைத்துக்கொண்டு கிடக்கும்.

மருத்துவர் சொன்னபடியே பாதம் சுள்ளியாகக் காய்ந்து ஒரு நாள் கூடைக்குள் உதிர்ந்து கிடந்தது. மேலே மொழுமொழுவென்று ஒரு மொட்டைக் கால். அக்கா அந்தக் காய்ந்த பாதத்தைக் கொய்யா மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார்.

கூடையைத் திறந்துவிட்டபோதுதான் நான் யோசித்தே பார்த்திராத ஒரு சங்கடம் தெரிந்தது. கோழி கிளறுவதை நாம் தினம் பார்க்கிறோம், கவனிப்பதில்லை. ஒரு காலில் நின்றுகொண்டுதான் மறு காலால் கிளறுகிறது. செவலை நல்ல காலைத் தூக்கினால் மொட்டைக் கால் தாங்க வேண்டும். தூக்கியது, சாய்ந்தது, விழுந்தது. எழுந்து இறக்கையை உதறிவிட்டு மறுபடி தூக்கியது. மொட்டைக் காலால் கிளறப் பார்த்தது, அதில் மண்ணைப் பிடிக்க விரல் இல்லை. மற்ற கோழிகள் வந்து தலையில் கொத்தின. அது கூடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை, உள்ளே வந்துவிட்டேன்.

சில நாள் கழித்துத் துணி துவைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். செவலை துவைக்கிற கல்லோடு உடம்பைச் சாய்த்துக்கொண்டு நின்றது. மொட்டைக் கால் இருக்கிற பக்கம் கல்லின்மேல் முட்டுக்கொடுத்திருந்தது. நல்ல கால் சுதந்திரமாக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. கல்லடியில் ஈரம் இருக்கும், புழு இருக்கும். இரண்டு தடவை கிளறும், நிமிரும், மறுபடி கல்லைத் தேடிச் சாயும். வாளியை வைத்துவிட்டு ஓடிப்போய் அக்காவைக் கூப்பிட்டேன். தூங்கிக்கொண்டிருந்த கணவரையும் எழுப்பினேன். கல்யாணமான பதினைந்து வருஷத்தில் நான் அவரை ஷிப்ட் தூக்கத்திலிருந்து எழுப்பியது அதற்காக மட்டும்தான் என்று இன்னும் சொல்லிக் காட்டுவார். அன்றைக்கு அவர் கோபப்படவில்லை. லுங்கியைக் கட்டிக்கொண்டு வந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அந்த வாரம் பழைய இரும்புக் கடையிலிருந்து தேய்ந்த கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்று வாங்கி வந்தார். கூட்டுக்குள் ஏறுகிற பலகையின்மேல் அதை ஆணி வைத்து அடித்தார். பலகையில் வழுக்கிக்கொண்டிருந்த மொட்டைக் கால் ரப்பரில் நின்றது.

மழைக்காலம் முடிந்ததும் செவலை அடைக்கு உட்கார்ந்தது. இதற்கு எல்லோருமே வேண்டாம் என்றோம். ஏறி இறங்குகையில் மொட்டைக் கால் பட்டு முட்டை உடைந்துவிடும், குஞ்சு பொரித்தாலும் கிளறிக் கொடுக்க முடியாது என்றார் கணவர். அடையைக் கலைக்கத் தண்ணீர் தெளித்தேன், கூட்டைவிட்டு வெளியே எடுத்து விட்டேன். திரும்பத் திரும்ப வெறும் வைக்கோலில் போய் உட்கார்ந்துகொண்டது. முட்டையைக் கையால் தொடாத அக்காதான் சொன்னார்:

"அது ஆசப்படுது. வச்சிப் பாப்பமே."

வைத்தோம். செவலை தீனிக்கு இறங்கும்போதும் ஏறும்போதும் நான் மறைந்து நின்று பார்த்திருக்கிறேன். விளிம்பில் மார்பை வைத்து, நல்ல காலை முட்டைகளுக்கு நடுவே ஊன்றி, மொட்டைக் காலை வயிற்றோடு மடித்துக்கொண்டு மெதுவாக அமரும். ஒரு முட்டைகூட உடையவில்லை. பொரிக்காத ஒன்றிரண்டு போக, மற்றவையெல்லாம் குஞ்சாகிவிட்டன.

குஞ்சுகளோடு அது இறங்கிய முதல் நாளே தாயின் கஷ்டம் தெரிந்தது. துவைக்கிற கல்லடி ஓர் ஆளுக்குப் போதும், குஞ்சுகளுக்குப் பற்றாது. மற்ற இடங்களில் மண் இறுகிக் கிடந்தது. அன்று சாயங்காலம் படலுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அக்கா கீரைப் பாத்தியை மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தார். விதைக்க அல்ல. வலைக் குச்சிகளெல்லாம் ஏற்கெனவே பிடுங்கப்பட்டு ஓரமாகக் கிடந்தன. படலில் கீழே இரண்டு மூங்கிலையும் ஒடித்து வழி விட்டிருந்தார்.

"என்னக்கா, கீரை?"

"கீர கடையில கெடைக்கும். இதுங்களுக்கு யாரு கெளறிப் போடுவா?"

அதற்குப் பிறகு காலையில் அவர் கொத்திவிட்ட பொலபொலப்பான மண்ணில் செவலை மார்பால் தள்ளியும் அலகால் புரட்டியும் புழு எடுத்தது. எடுத்ததை வாயில் வைத்துக்கொண்டு குஞ்சுகளைக் கூப்பிடும். தான் விழுங்கி நான் பார்த்ததே அரிது.

அங்கேதான் பூனையும் வந்தது. எங்கள் பிளாக்கில் எல்லோரும் பயப்படுகிற ஒரு சாம்பல் கடுவன். நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். மற்ற கோழிகள் கத்திக்கொண்டு நாலாபக்கமும் பறந்ததைப் பார்த்துத்தான் திரும்பினேன். பூனை பாத்தியின் வரப்பில் பதுங்கியிருந்தது. செவலை ஓடவில்லை, ஓட அதற்கு முடியவும் முடியாது. ஒரு குரல் கொடுத்தது, அப்படி ஒரு குரலை நான் அதனிடம் கேட்டதில்லை. குஞ்சுகள் வயிற்றடியில் சுருண்டன. அது இறக்கைகளை இரண்டு பக்கமும் தரையில் விரித்து ஊன்றிக்கொண்டது. ஒற்றைக் கால் கோழிக்கு அப்போது மூன்று கால் இருந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. பூனை பாய்ந்தது. செவலை அப்படியே எழும்பி அதன் முகத்தில் விழுந்தது. நான் ஈரத் துணியோடு ஓடிப்போய்ச் சேர்வதற்குள் இறகு பறந்தது, பூனை அலறியது, படலைத் தாண்டி ஓடியது. அதன் கண்ணோரத்தில் ரத்தம். செவலையின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு இறகில்லை. ஒரு குஞ்சுக்கும் கீறல்கூட இல்லை.

உள்ளேயிருந்து ஓடிவந்த அக்கா கோழியின் எதிரே உட்கார்ந்து இரண்டு கையையும் கூப்பினார். விளையாட்டுக்கு அல்ல. நான் பார்ப்பதைக் கண்டதும் கொஞ்சம் வெட்கப்பட்டு, "எனக்கு இந்த தைரியம் கெடையாதும்மா" என்றார்.

குஞ்சுகள் வளர்ந்து, சேவல் எது பெட்டை எதுவென்று தெரிகிற பருவம் வந்தது. ஒரு காலையில் செவலை அவற்றைக் கொத்தித் துரத்த ஆரம்பித்தது. அருகே வந்த ஒவ்வொன்றையும் விரட்டியது. தாய்க்கோழி பிரித்துவிடுகிற வழக்கம் எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. "இவ்வளவு பாடுபட்டுக் காப்பாத்திட்டு இப்ப கொத்துதே!" என்று கண் கலங்கிவிட்டார். அவைகளாகப் பிழைத்துக்கொள்ளும் என்று அது முடிவு செய்துவிட்டது என்று நான் சொன்னேன்.

அந்தப் பெட்டைகளில் இரண்டை என் கணவர் ஊருக்குக் கொண்டுபோய்த் தன் அண்ணன் வீட்டில் விட்டார். அங்கே எல்லோரிடமும் இது என்ன வம்சம் என்று சொல்லியிருக்கிறார். "கை காலு நல்லா இருந்துகினு நாம படற பாட்டுக்கு, அதப் பாத்தா பேச்சே வரல" என்று அண்ணனிடம் போனில் சொன்னதை நானே கேட்டேன்.

செவலை இப்போதும் இருக்கிறது. வயதாகிவிட்டது, முட்டை எப்போதாவதுதான். வெயில் ஏறினால் நடையில் சாய்வு அதிகம் தெரிகிறது. போன பூசத்துக்கு அக்காவின் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ஜோதி பார்த்துத் திரும்பியவர்களை அக்கா நேரே பின்பக்கம் கூட்டிவந்து, படலின் இடைவெளி வழியாக எங்கள் கோழியைக் காட்டினார். அது மண்ணில் படுத்து இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. இத்தனை பேர் பார்த்ததற்குத் தலையைக்கூடத் தூக்கவில்லை.