தண்டவாளத்துக்கு அடியில் நாற்பதடி

ரயில்வே கேட்டில் வேலை பார்ப்பவனுக்குச் சம்பளம் தருவது மத்திய அரசு. வசவு தருவது மாநில மக்கள். கேட்டில் நின்று பல்லைக் கடித்த உங்களில் பலரும் அதில் பங்கு கொண்டிருப்பீர்கள். எண்பதுகளில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே ஒரு கேட்டில் நான் இருந்தேன்.

பாதிப் பள்ளம்

தண்டவாளத்தின் இருபுறக் கேட்டுக்கும் நடுவிலுள்ள சாலை எங்கள் ரயில்வேயுடையது. அதற்கு வெளியே மாநிலத்துடையது. எல்லையில் சரியாக ஒரு பள்ளம் விழுந்தது. எங்கள் ஆட்கள் வந்து எங்கள் பாதியை மட்டும் ஜல்லி கொட்டி மூடிவிட்டுப் போனார்கள். மறுநாள் சைக்கிளில் முட்டை கொண்டுவந்தவர் மீதிப் பாதியில் விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்காலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அண்ணாத்தே, முட்டை ஒடஞ்சது உங்க பக்கம், முட்டி பேந்தது அவங்க பக்கம். மனுவ எங்க குடுக்கறது?"

அமைச்சர் வண்டி

கேட்டை இறக்கியபின் ஒரு போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து, "பின்னாடி அமைச்சர் கார், தொறய்யா!" என்று அதட்டினார். "ரயில் முன்னாடியே கிளம்பிடுச்சு சார்" என்றேன். காருக்குக் கேட்கும்படி இன்னும் கொஞ்சம் கத்தினார். பிறகு என் அறை வாசலில் வந்து உட்கார்ந்து, பூட்ஸைத் தளர்த்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "தொறந்துடாத மாமே, காலையிலேர்ந்து நின்னுகினே கீறேன்."

வந்தும் வராதவர்கள்

கேட்டுக்கு வடக்கே எங்கள் தெரு. குடிநீர்க் குழாய் தெற்கே. தெருப் பெண்கள் குடத்தோடு தண்டவாளம் தாண்டிப் போய்வந்தார்கள். இன்று இல்லாத என் மனைவி காந்தாவும் அவர்களில் ஒருத்தி. மாநில அரசு இருபுறமும் குழாய் புதைத்துவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் நாற்பதடி மட்டும் பாக்கி. அதற்கு ரயில்வே அனுமதி வேண்டும். இரு தரப்பு இன்ஜினியர்களும் சேர்ந்து இடத்தைப் பார்க்க வேண்டும்.

மாநில இன்ஜினியர் செவ்வாய்க்கிழமை வந்தார். காத்திருந்தார். 'ரயில்வே தரப்பு வரவில்லை' என்று எழுதி என்னிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிப் போனார். எங்கள் இன்ஜினியர் வெள்ளிக்கிழமை வந்தார். 'மாநிலத் தரப்பு வரவில்லை.' அதற்கும் நானே சாட்சி. மூன்று முறை இப்படியே நடந்தது. பக்கத்து வீட்டு முனியம்மா குடத்தை இறக்கிவைத்துக் கேட்டாள்: "ரெண்டு பேரும் வந்தத நாங்க பாத்தோம். ரெண்டு பேரும் வரலன்னு நீ கையெழுத்து போட்டுக்கீற. இன்னா நைனா வேல இது?"

ஒரே பெஞ்சு

ஒரு நாள் பகலில் கேட்டை மூடினேன். தெற்கே மாநில இன்ஜினியர் ஜீப், வடக்கே எங்கள் இன்ஜினியர் ஜீப். இருவரும் வேறு வேறு வேலையாகப் போகிறவர்கள். கூட்ஸ் போயிற்று. அடுத்த வண்டிக்கு நாலு நிமிடம் இருந்தது. திறந்திருக்கலாம், திறக்கவில்லை. அன்று அங்கே வெயிலில் நின்றவர்களில் நீங்களும் இருந்தால் மன்னியுங்கள். அங்கிருந்த ஒரே நிழல் என் அறை, உள்ளே ஒரே பெஞ்சு. இருவரும் வந்து முகம் திருப்பி உட்கார்ந்தார்கள்.

அப்போது மூடிய கேட்டுக்குக் கீழே குனிந்து குடங்கள் வந்தன. ஹாரன் கேட்டது. சிவப்புக் கொடியோடு கத்திக்கொண்டு ஓடினேன். காந்தா பின்வாங்கினாள், அவள் குடம் உருண்டு தண்டவாளத்தில் நின்றது. வண்டி அதன்மேல் போயிற்று. திரும்பிப் பார்த்தால் இருவரும் எழுந்து நின்றிருந்தார்கள். "பேப்பர் இருக்கா சார்?" என்று ஒருவர் கேட்க, மற்றவர் பையைத் திறந்தார். என் பெஞ்சிலேயே இரண்டு கையெழுத்தும் விழுந்தன.

இரண்டு மாதத்தில் தெருக் குழாயில் தண்ணீர் வந்தது. புதுக் குடத்தை நிரப்பிக்கொண்டே காந்தா சொன்னாள்: "ரெண்டு சர்க்காரையும் ஒரே பெஞ்சுல ஒக்கார வெச்சிட்டீங்க. என்னையும் உங்க தங்கச்சியையும் ஒக்கார வைங்க, பாப்போம்!"

வருடக்கணக்காக நான் கேட்டைத் திறந்துவிட்டதற்கு யாரும் நன்றி சொன்னதில்லை. நாலு நிமிடம் திறக்காமல் இருந்ததில் ஒரு தெருவே தண்ணீர் குடிக்கிறது.