வேலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்கிய பெட்டி

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இரண்டு இறால் குட்டை வைத்திருந்த ஒருவருக்கு, நான் வேலை பார்த்த சின்னக் கம்பெனி ஒரு பெட்டி விற்றிருந்தது. கரண்ட் போனால் குட்டையில் காற்றடிக்கும் ஏரேட்டர் நின்றுவிடும். பெட்டி உடனே அவருக்குப் போன் போட வேண்டும், அவர் ஓடிவந்து ஜெனரேட்டரைப் போட வேண்டும். பெட்டிக்கு வேறு வேலையே கிடையாது. ஒரு விடியற்காலை கரண்ட் போனது, பெட்டி கூப்பிடவில்லை. காற்றில்லாமல் ஒரு குட்டை இறால் முழுக்கச் செத்துப்போனது.

"இன்னாம்மா, உங்க மிஷினு தூங்கிகினு கீது. நான் போயி பட்டன அமுக்கனதும் முழிச்சிக்கினு போன் அடிக்குது. எறாலு செத்தப்புறம் எனக்கு எதுக்கும்மா போனு?" என்று குட்டைக்காரர் கேட்டார்.

நான் குடியிருந்த அணுபுரம் குவார்ட்டர்ஸிலிருந்து ஆபீஸ் போகிற பஸ்ஸில் அந்தக் கேள்விதான் மண்டையைக் குடைந்தது. பட்டனை அமுக்கியதும் போன் வந்தது என்றால், கரண்ட் போனது பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தூங்கியிருக்கிறது.

பெட்டியின் புரோகிராமில் அந்தத் தூங்கும் பகுதியை எழுதியவர் எங்கள் முதலாளி. மேஜை மேல் பெட்டியை வைத்துக் கரண்டை நிறுத்திக் காட்டினார், போன் வந்தது. "இங்க வேலை செய்யுதே. அந்தாளு வயர எதாவது புடுங்கியிருப்பாருமா." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேஜையில் அது லேப்டாப்போடு கேபிளில் கிடந்தது. கேபிள் இருக்கும்வரை பெட்டிக்குள் இருக்கும் சிப் கண்ணை மூடிப் படுத்திருக்குமே தவிர, தூங்காது.

புரோகிராமைத் திறந்து பார்த்தேன். பேட்டரி மிச்சமாவதற்காக, சிப் வேலை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் தூங்கப் போகும். பார்த்து முடித்ததற்கும் தூங்கியதற்கும் நடுவில் ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளி. அதற்குள் கரண்ட் போய், தட்டி எழுப்புகிற இன்டரப்ட் வந்தால், 'போன் போட வேண்டும்' என்று குறித்துவைத்துவிட்டுப் போய்விடும். சிப் விட்ட இடத்திலிருந்து தொடரும். விட்ட இடம் தூக்கம். கரண்ட் ஒரு தடவைதான் போகும், மறுபடி தட்ட யாரும் இல்லை.

முதலில் இன்டரப்ட்டை மூடி, பிறகு பார்த்து, பிறகு தூங்க வேண்டும், எழுந்த பிறகுதான் திறக்க வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"மூடிட்டுத் தூங்குனா யாரும்மா எழுப்புவா?" என்று சிரித்தார்.

கதவைச் சாத்தியிருந்தாலும் காலிங் பெல் காதில் விழாதா? மூடியிருந்தாலும் வந்து நிற்கிற இன்டரப்ட் இந்தச் சிப்பை எழுப்பும். மேனுவலில் அந்தப் பக்கத்தை எடுத்து நீட்டினேன். அவர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். கேபிளைப் பிடுங்கி, பேட்டரியில் ஓடவிட்டு, கரண்டை விட்டு விட்டு நிறுத்தும்படி இன்னொரு போர்டை வைத்தேன். சாப்பாட்டு வேளைக்குள் பெட்டி தூங்கிப்போனது, எழவே இல்லை. அவர் அதையும் பார்த்தார்.

"சரி, அடுத்த ரிலீஸ்ல சேத்துக்கலாம்."

மிச்சமிருந்த குட்டை அறுவடைக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. புரோகிராமின் அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று முதலாளிக்கே தெரியாது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் கேட்டால் கேட்கட்டும் என்று சனிக்கிழமை காலை லேப்டாப்போடு ஸ்கூட்டியில் கிளம்பிவிட்டேன்.

குட்டைக்காரர் கரையிலேயே கட்டில் போட்டிருந்தார். கொசுவலை, தலையணை, தண்ணீர்க் குடம் எல்லாம் அங்கேயே வந்துவிட்டன. கண் இரண்டும் சிவந்திருந்தன. நான் திருத்திய புரோகிராமைப் பெட்டியில் ஏற்றி முடித்தேன். பிறகு அவரே போய் மெயினை இறக்கினார். ஏரேட்டர் சுற்றி நின்றது, அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. மெயினைப் போட்டு மறுபடி இறக்கினார். மறுபடி அடித்தது.

இப்படிச் சோதித்தால் எதுவும் தெரியாது என்று எனக்குத் தெரியும். தப்பு நடக்கிற இடைவெளி அத்தனை சின்னது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"இனிமே தூங்காதுங்க, நீங்க வூட்டுக்குப் போயி படுங்க," என்றேன்.

போனைப் பையில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான்மா கீது. வச்ச அன்னிக்கும் இப்டித்தான் அடிச்சுது," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்து ஏரேட்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.