பச்சைப் புள்ளிக்குப் பயந்தவர்

குஜிலியம்பாறை சாலையில் அன்று தார்க் கலவை ஏற்றிய லாரி வந்து நின்ற நேரத்தில் என் கைபேசி அடித்தது. ஸ்டெல்லா அக்காவின் கணவர் டேவிட் அண்ணன். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை அவர். எடுத்து, "சொல்லுங்கண்ணே" என்றேன்.

"ஸ்டெல்லா போயிட்டாப்பா கணேசு."

முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து நன்றாகத்தான் இருந்தார். முந்தின வாரம் நான் போய்ப் பார்த்தபோது ஊன்றுகோலைக் காட்டி, "இத வெச்சுக்கிட்டு சைட்டுக்கு வந்தா யாருமே பயப்பட மாட்டீங்கல்ல" என்று சிரித்தார். காலையில் காபி குடித்துவிட்டு எழுந்தவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டதாக மருத்துவர் சொன்னாராம். அண்ணன் இதையெல்லாம் யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல் சொல்லி முடித்தார்.

ஆட்கள் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்கள். சொன்னேன். பாண்டியம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். லாரி ஓட்டுநர் மட்டும் மெதுவாக, "கொட்டட்டுமாண்ணே, ஆறிடும்" என்றார். கொட்டச் சொன்னேன். அந்த ஒரு லாரிக் கலவையை மட்டும் பரப்பி முடித்தோம். பிறகு வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் வேனில் ஏறித் திண்டுக்கல் போனோம்.

சாலை போடும் எங்கள் ஒப்பந்த நிறுவனத்தில் ஸ்டெல்லா பாதுகாப்பு அதிகாரி. நான் அவர் வேலை பார்த்த இடங்களிலெல்லாம் சூப்பர்வைசர். அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லிவிடப் போவதில்லை. ஆனால் செம்பட்டிப் பக்கம் நடந்ததை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். அருகில் இருந்தவன் என்கிற முறையில் அதை நான் எழுதி வைத்துவிட வேண்டும்.

அவர் முதன்முதலில் பெல்ட்டுகளைக் கொண்டுவந்த நாள் நினைவில் இருக்கிறது. புஜத்தில் கட்டிக்கொள்ளும் பட்டை அது. எல்லோரும் பெல்ட்டு என்றே சொன்னோம். கட்டியிருப்பவரின் நாடித் துடிப்பையும் தோலின் சூட்டையும் பார்த்து, உடம்புக்குள் எவ்வளவு சூடு ஏறியிருக்கும் என்று அது கணக்கிடும். ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி, ஸ்டெல்லா கையிலிருந்த டேப்லெட்டில் தெரியும். பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பானால் பெல்ட்டு கையிலேயே அதிரும். அதிர்ந்தவர் வேலையை விட்டுவிட்டு நிழலுக்கு வந்து, தண்ணீர் குடித்து, நனைந்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, புள்ளி மறுபடி பச்சையாகும்வரை உட்கார வேண்டும்.

விளக்கிச் சொல்லி முடித்ததும் பாண்டியம்மாள் கேட்டாள். "இது எங்க உசுரப் பாக்கவா, இல்ல நாங்க எம்புட்டு நேரம் உக்காந்திருக்கோம்னு பாக்கவா?"

ஸ்டெல்லா கைபேசியை எடுத்து மேலாளரை அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டு எல்லோர் நடுவிலும் நீட்டினார். "சார், பெல்ட்டு அதுர்ந்து நெழலுக்கு வர்ற நேரத்துக்குக் கூலி பிடிக்க மாட்டோம்னு ஒங்க வாயால சொல்லுங்க. எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க." பிடிக்க மாட்டோம் என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. ஸ்டெல்லா கைபேசியை அணைத்துவிட்டுப் பாண்டியம்மாளின் கையில் முதல் பெல்ட்டைக் கட்டினார். அடுத்ததைத் தன் கையில் கட்டிக்கொண்டார்.

அவரைப் போலப் பயப்படுகிற ஒருவரை நான் பார்த்ததில்லை. அதை மறைக்கவும் மாட்டார். வெயில் ஏற ஏற, "எனக்குப் பயமா இருக்கு கணேசு" என்பார். ஓர் அதிகாரி ஆட்கள் முன்னால் அப்படிச் சொல்வது ஆரம்பத்தில் எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன். "பயமா இருக்குன்னு சொன்னா கொறஞ்சா போயிருவேன்? சொல்லாம இருந்தாத்தான் ஆளு உசுரு போகும்" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். இந்த வேலைக்கு வருமுன் அவர் நர்ஸ். பணியில் சேர்ந்த புதிதில், சித்திரை மாத மத்தியானம் ஒன்றில், சுமை தூக்குகிறவர் ஒருவரைக் கூட்டாளிகள் கொண்டுவந்து கிடத்தினார்கள். அவர் உளறினார், கையை வீசி அடித்தார், ஸ்டெல்லாவைத் தன் தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிட்டார். குடித்திருக்கிறார் என்று எல்லோரும் முடிவு செய்து வராந்தாவில் படுக்க வைத்தார்கள். மருத்துவர் வந்து தொட்டுப் பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது. "வெயிலு மூளைக்கு ஏறினா குடிச்ச மாதிரிதான் இருக்கும். எனக்கு அப்ப தெரியாது. இப்பத் தெரியுது. தெரிஞ்சதுனாலதான் பயமே" என்றார்.

இனி செம்பட்டி.

கத்திரி வெயில். செம்பட்டியிலிருந்து சித்தையன்கோட்டைப் பக்கம் போகும் சாலையில் வேலை. காற்று இல்லை. முந்தின நாள் பெய்த கோடை மழையின் ஈரம் மண்ணிலிருந்து ஆவியாக எழுந்தது. வியர்வை காயாமல் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. காலடியில் கலவையின் கொதிப்பு. காலையிலிருந்தே புள்ளிகள் மஞ்சளுக்குப் போவதும் வருவதுமாக இருந்தன. கலவையை ரேக்கால் இழுத்துச் சமன் செய்யும் சின்னராசுவின் பெல்ட்டு ஒன்றுக்கு மேற்பட்ட முறை அதிர்ந்து, அவனை நிழலுக்கு அனுப்பினோம். அவன்தான் எங்கள் கூட்டத்தில் வலுவான ஆள். மறுநாள் அவன் மகளுக்குக் காதுகுத்து. அந்தச் சாலைத் துண்டை அன்றே முடித்துவிட்டால் எல்லோருக்கும் விடுப்பு.

உச்சிப் பொழுது தாண்டியிருக்கும். டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா என் கையைப் பிடித்தார்.

"சின்னராசு பச்சையா இருக்கான்."

"நல்லதுதானக்கா."

"துடிப்பப் பாரு. தூங்குறவனுக்கு இருக்கிற மாதிரி இருக்கு. ரேக் இழுக்கிறவனுக்கு இப்பிடி இருக்காது. பாண்டியம்மாவே மஞ்சள்ல இருக்கா. இவன் மட்டும் எப்படி?"

சொல்லி முடிக்கும் முன்பே வெயிலில் இறங்கி ஓடினார். ஏற்கனவே வலி கண்ட அந்த முழங்காலோடு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

சின்னராசு ரேக்கைக் கீழே போட்டுவிட்டு ரோலர் வருகிற திசையில் நடந்துகொண்டிருந்தான். கால்கள் பின்னின. யாருடனோ பேசிக்கொண்டிருந்தான், எதிரில் யாரும் இல்லை. நான் கத்தினேன். ரோலர் நின்றது. அவன் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. சட்டை தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் நனைந்திருந்தது. கையில் பெல்ட்டு இல்லை.

"காலையிலேயே ஊத்திட்டானோ" என்றான் ஒருவன்.

"அவன் குடிக்கல" என்றார் ஸ்டெல்லா. சின்னராசுவின் கன்னத்தை இரு கைகளாலும் பிடித்தார். "ஏலே சின்னராசு, என்னையப் பாரு. ஒம் மக பேரென்ன?"

அவன் பார்த்தான். "மாட்டப் பிடிச்சுக் கட்டு" என்றான். பிறகு முழங்கால் மடிந்து விழுந்தான்.

எங்களுடைய லாரித் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. சாலையோரத் தென்னந்தோப்பில் மோட்டார் தண்ணீர் விழும் தொட்டி ஒன்று, மர நிழலில், பாதிக்கு மேல் தண்ணீரோடு இருந்தது. ஆம்புலன்ஸுக்கு ஒருவனைப் பேசச் சொல்லிவிட்டு, அங்கே தூக்கச் சொன்னார் ஸ்டெல்லா. சின்னராசுவின் மச்சினன் முத்துவும் எங்கள் கூட்டத்தில்தான் வேலை பார்த்தான். அவன் வழியை மறித்தான்.

"தொட்டிக்கு எதுக்கு? வண்டில போடுங்க, திண்டுக்கல்லுக்குக் கொண்டு போவோம்."

"போற வழியிலயே வெந்துருவான் முத்து. மொதல்ல சூட்ட எறக்கணும். ஆம்புலன்ஸ் வரட்டும், அதுவரைக்கும் தண்ணியில."

"எங்க மச்சானுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஒங்களத்தான் கேப்பேன்."

"கேளு. இப்பத் தலையப் பிடி."

தொட்டிக்குள் இறக்கினோம். ஸ்டெல்லா சேலையோடு உள்ளே இறங்கி அவன் பின்னால் நின்று, கக்கத்துக்குள் கைகொடுத்து, தலை முங்காமல் தாங்கிக்கொண்டார். நான் கால்களைப் பிடித்தேன். பாண்டியம்மாள் தலையில் மொண்டு மொண்டு ஊற்றினாள். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கச் சொன்னார். சின்னராசு திமிறினான். ஸ்டெல்லாவின் கையைக் கடித்தான். அவர் விடவில்லை. பிறகு அவன் திமிறுவதும் நின்றது. அதுதான் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. கண்கள் பாதி திறந்து, பார்வை எங்கும் இல்லாமல், கைகள் தண்ணீரில் மிதந்தன.

முத்து அழ ஆரம்பித்தான். "செத்துட்டான், எங்கக்காளுக்கு நா என்ன சொல்லுவேன்" என்றான். செய்தது தவறோ, வண்டியில் போட்டிருக்க வேண்டுமோ என்று எனக்கும் தோன்றியது. ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவர் உதடுகள் அசைந்தன. ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ஆனால் கழுத்தில் வைத்திருந்த விரலை எடுக்கவில்லை. "துடிக்குது. துடிக்குது. ஊத்து பாண்டியம்மா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் சின்னராசுவின் தாடை அடித்துக்கொண்டது. குளிர் நடுக்கம். ஸ்டெல்லா குனிந்து அவன் காதருகில், "சின்னராசு, ஒம் மக பேரென்ன?" என்று கேட்டார்.

"யாழினி" என்றான். பிறகு, "குளுருது" என்றான்.

ஆம்புலன்ஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போன பிறகு ஸ்டெல்லா தென்னை மரத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். நான் டேப்லெட்டை எடுத்துப் பார்த்தேன். திரையில் ஒரே ஒரு புள்ளி சிவப்பாக இருந்தது. அது அவருடையது. நிழலில், குளிர்ந்த தண்ணீரில் நின்ற பெண்ணின் இதயம் ஓடுகிறவனுடைய இதயம்போல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் பெல்ட்டு அத்தனை நேரமும் அதிர்ந்திருக்கும். அவருக்குத் தெரிந்தே இருக்காது.

"செத்திருந்தா நான்தான் கொன்னதா ஆயிருக்கும்ல?" என்று கேட்டார். நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

சின்னராசுவின் பெல்ட்டு, புளியமரத்தடியில் உட்கார்ந்து வண்டிகளுக்குக் கொடி காட்டும் செல்லையாவின் கையில் இருந்தது. "கட்டிக்கச் சொன்னான், வாங்கிக் கட்டிக்கிட்டேன் தாயி. வெளயாட்டுன்னு நெனச்சேன்" என்று அந்த மனிதர் கைகூப்பினார். சின்னராசு நிழலுக்கு அனுப்பப்பட்ட ஒவ்வொரு முறையும் மற்றவர்கள் கேலி செய்திருக்கிறார்கள். அவனால் வேலை நிற்கிறது, நாளைக்கு லீவு போச்சு என்று சொல்லியிருக்கிறார்கள். வலுவான ஆளுக்கு அது தாங்கவில்லை.

ஸ்டெல்லா செல்லையாவைத் திட்டவில்லை. மறுநாள் மேலாளர் நேரில் வந்தார். பெல்ட்டைக் கழற்றுகிறவர்களை வேலையை விட்டு எடுத்துவிடலாம் என்றார். ஸ்டெல்லா வேறு ஒன்று கேட்டார். யாருடைய பெல்ட்டு அதிர்ந்தாலும் மொத்தக் கூட்டமும் நிழலுக்குப் போக வேண்டும், தனி ஆளை மட்டும் அனுப்பக் கூடாது என்றார்.

"கலவை ஆறிடும்மா."

"வேற லாரி வரும் சார்."

மேலாளர் உடனடியாக ஒப்புக்கொள்ளவில்லை. பல நாள் இழுபறிக்குப் பிறகு, வேலையை விடியும்போதே தொடங்கி வெயில் உச்சிக்கு வருமுன் முடிப்பது, இடையில் அதிர்ந்தால் எல்லோரும் சேர்ந்து உட்காருவது என்று ஆனது. அதன் பிறகு எங்களிடம் யாரும் பெல்ட்டைக் கழற்றியதில்லை. அடுத்தவன் பெல்ட்டு அதிர்ந்தால் மற்றவர்களுக்கு நிம்மதி. கூப்பிடும் முன்னால் மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். ஸ்டெல்லா அப்போதும் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே நடப்பார். "பெல்ட்டு தனக்குத் தெரிஞ்சதத்தான் சொல்லும்" என்பார்.

சின்னராசு ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்தான். சிறுநீரகம் பழுதாகித் தேறியது. வெயில் வேலைக்கு மறுபடி வரவில்லை; இப்போது செம்பட்டியில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். அக்காவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்துக்கு மனைவியோடும் யாழினியோடும் வந்திருந்தான். மண் போட்டு முடிந்த பிறகும் நகரவில்லை. நான் அருகில் போனேன்.

"அந்தம்மா என்னையப் பாக்க எத்தன தடவ வந்தாங்க தெரியுமாண்ணே. ஏன்டா கழட்டுனன்னு ஒருக்காக்கூடக் கேக்கல" என்றான். முத்து அவன் தோளைப் பிடித்தபடி நின்றான். அன்று தொட்டிக்குப் போகும் வழியை மறித்தவன். சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் அவனும் ஒருவன்.

அவருடைய இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. டேப்லெட் இப்போது என்னிடம் இருக்கிறது. அதைப் பார்ப்பது எப்படி என்று யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய பயம். காலையில் வெயில் முதுகில் விழுகிறபோதே அது எனக்குள் எழுந்துவிடுகிறது. சாப்பாடு இறங்குவதில்லை. வீட்டில், ஏன் இப்படி ஆகிவிட்டீர்கள் என்று கேட்கிறார்கள். அது போய்விட வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வதில்லை.

நேற்று முத்து நெடுநேரம் தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தான். திரையில் அவன் புள்ளி பச்சைதான், ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போனேன்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. ஒரு வார்த்த பேசு."

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கேண்ணே" என்றான்.