நீலக் கோட்டருகே ஒரு மேடு

கம்ப்ரசர் அறையிலிருந்து வெளியே வந்த பிறகும் சற்று நேரம் ஓரெஸ்ட் உரக்கவே பேசுவார். பிறகு தானே உணர்ந்து குரலைத் தாழ்த்துவார். அதோடு பேச்சும் நின்றுவிடும்.

கனடாவின் சஸ்காட்செவன் சமவெளியில் நானூறு பேர் உள்ள ஊர் எங்களுடையது. தானியக் கிடங்குக்கும் தேவாலயத்துக்கும் நடுவே இருக்கிற ஐஸ் ஹாக்கி அரங்கத்தை இருபத்திரண்டு வருடமாக அவர்தான் பார்த்துக்கொள்கிறார். மனைவி ரெஜைனா நகரத்துக்குப் போய்ப் பதினைந்து வருடமாகிறது. ஏன் போனாள் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. காலை பத்து மணிக்கு அரங்கத்துக் கேன்டீனில் ஊர்ப் பெரியவர்கள் காப்பிக்குக் கூடுவார்கள். சுவரில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றிலும் ஒருவருடைய கோப்பை. ஓரெஸ்டுக்கு ஆணி கிடையாது. பிளாஸ்க் மூடியில் ஊற்றிக்கொண்டு கதவோரம் நின்று குடிப்பார்.

ஒரு முறை பள்ளிப் பிள்ளைகள் அரங்கத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். பஸ் ஓட்டி வந்த நானும் கூடவே போனேன். இந்த இயந்திரம்தான் குளிரை உண்டாக்குகிறது என்று டீச்சர் சொன்னதும் ஓரெஸ்டுக்குப் பொறுக்கவில்லை.

"குளிர்னு ஒரு பொருளே கெடையாதும்மா. இருக்கிறது சூடு மட்டுந்தான். அதத் தூக்கி வெளிய போடறதுதான் என் வேல."

அன்றைக்குப் போல அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அம்மோனியா கடுங்குளிரிலேயே கொதிக்கக்கூடியது. கொதிக்கிற எதற்கும் சூடு வேண்டும். பக்கத்தில் ஓடும் உப்புத் தண்ணீரிடமிருந்து அது பிடுங்கிக்கொள்கிறது. சூட்டைப் பறிகொடுத்த உப்புத் தண்ணீர் சிமெண்ட் தரைக்குள் குழாய் குழாயாக ஓடி, மேலே இருக்கும் ஐஸின் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்புகிறது. ஆவியான அம்மோனியாவைக் கம்ப்ரசர் நெருக்கிப் பிழிய, அது கடுமையாகச் சூடாகிறது. கூரைக்கு மேல் போய்ச் சூட்டை இறக்கிவைத்து மறுபடி திரவமாகி, குறுகிய ஒரு வால்வில் நுழைந்து அழுத்தம் குறைந்ததும் திரும்பவும் கொதிக்கத் தொடங்குகிறது. சுற்றிச் சுற்றி இதுதான்.

அந்தச் சூட்டில் ஒரு பங்கை மட்டும் வீணாக்குவதில்லை. தரைக்கும் கீழே, சூடு கடக்காமல் தடுக்கும் காப்புப் பலகைக்கும் கீழே புதைத்த குழாய்களில் அதைச் சுற்றவிடுகிறார்கள். அடிமண் உறைந்துவிடக் கூடாது. உறைந்தால் மண்ணில் உள்ள ஈரம் ஐஸாகி ஊதும், மேலே இருப்பதைத் தூக்கும். ஐஸுக்கு அடியில் எதற்கு வெந்நீர் என்று ஒரு பெண் கேட்டதற்கு, "கால்ல கம்பளி சாக்ஸ் போட்டுக்கிற மாதிரி" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது.

அதற்கு அடுத்த மார்ச் மாதம் வழக்கத்துக்கு மாறாக வெயில் காய்ந்தது. வட்டாரப் போட்டி எங்கள் அரங்கத்தில். கம்ப்ரசர் மூச்சு வாங்க ஓடியும் ஐஸ் இளகிக்கொண்டே இருந்தது. கம்ப்ரசரின் சுமையைக் கொஞ்சமாவது குறைக்க, அடிமண்ணுக்குப் போகும் சூட்டுக் குழாயின் வால்வை ஓரெஸ்ட் அடைத்தார். இரண்டு நாளைக்குத்தான் என்று நினைத்திருந்தார். அந்தி சாய்ந்து வெயில் தணிந்ததும் ஐஸ் இறுகியது. ஆட்டம் முடிந்ததும் வெளியூர்க் குழுவின் கேப்டன் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து கைகுலுக்கினான். இந்த மாகாணத்திலேயே இப்படி ஒரு ஐஸில் ஆடியதில்லை என்றான்.

வால்வு அடைத்தபடியே இருந்தது. வழக்கமாகக் கோடையில் உருக்கி எடுத்துவிடும் ஐஸை, கோடையிலும் ஹாக்கி முகாம் தொடங்கியதால் இரண்டு வருடமாக எடுக்கவே இல்லை. மாதம் ஒரு முறை வால்வின்மேல் கையை வைப்பாராம். பிறகு எடுத்துவிடுவாராம்.

போன அக்டோபரில் ஆடுகளத்தின் குறுக்கே போட்ட நீலக் கோட்டருகே ஹாக்கித் தட்டு துள்ள ஆரம்பித்தது. ஐஸ் சீவும் வண்டியின் கத்தி அந்த இடத்தில் தரையின் வெள்ளைப் பெயிண்ட் வரை இறங்கியது. தரை நான்கு விரல் எழும்பியிருந்தது.

அந்தத் தரையை ஊர்க்காரர்களை வைத்துப் போட்டவர் ஐசக் ஃப்ரீசன். இப்போது எண்பத்தொரு வயது. அரங்கக் கமிட்டித் தலைவர் கோர்டி எதையும் கிண்டலாக்காமல் விடமாட்டார்.

"ஐசக், சிமெண்ட்ல ஈஸ்ட் கலந்துட்டீங்களா? பன்னு மாதிரில்ல உப்புது."

எல்லோரும் சிரித்தார்கள். ஐசக்கும் சிரித்தார். தினமும் புதிதாக ஒன்று சொன்னார்கள். இரண்டாவது வாரம் ஐசக் ஆணியிலிருந்து கோப்பையை எடுத்தார், கழுவினார், கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதன்பின் வரவில்லை.

தரையை உடைத்தெடுத்துவிடலாம், முதலிலேயே கோணலாகப் போட்டதுதான் என்று கமிட்டி முடிவெடுப்பதற்காகக் கூடிய காலையில் நானும் கேன்டீனில் இருந்தேன். கம்ப்ரசர் அறைக் கதவு திறந்தது.

"ஐசக் போட்ட தரையில குத்தமில்ல. சூட்டுக் குழாய நான்தான் அடைச்சேன். ரெண்டு வருஷமாச்சு."

இயந்திரச் சத்தத்துக்குமேல் பேசுகிற குரல். இந்த முறை அவர் அதைத் தாழ்த்தவில்லை.

கோர்டி காப்பியைக் கீழே வைத்தார். "எதுக்குப்பா?"

ஓரெஸ்ட் கம்ப்ரசர் அறைக் கதவைச் சாத்தினார்.

"ஐஸ் நல்லாருக்குன்னு சொன்னாங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

தரையை உடைக்கவில்லை. ஆனால் இந்தக் குளிர்காலம் ஊரில் ஐஸ் இல்லை, கம்ப்ரசரை நிறுத்திவிட்டார்கள். அது ஓடினால்தானே சூடு வரும்? அதனால் ஒரு சின்ன பாய்லரைக் கொண்டுவந்து அடிக்குழாயோடு இணைத்தார்கள். மண்ணை அவசரமாக உருக்கினால் தரை வெடித்துவிடும், மெல்ல மெல்லத்தான் செய்ய வேண்டும். ஓரெஸ்டை வேலையை விட்டு அனுப்பவில்லை, இந்தக் குழாய்களைத் தெரிந்த வேறு ஆள் இல்லை. அவரோடு யாரும் சண்டை போடவும் இல்லை. காப்பிக் கூட்டம் அஞ்சலகத்துக்கு இடம் மாறிவிட்டது. ஆணிகளில் கோப்பைகள் இல்லை. அரங்கம் இப்போது அவ்வளவு அமைதி. அவர் குரலைத் தாழ்த்த வேண்டிய தேவையே இல்லை.

ஜனவரியில் ஒரு நாள் ஐசக் வந்தார். கையில் பழைய ரசமட்டம். மேட்டின் ஓரத்தில் சிரமப்பட்டு மண்டியிட்டு அதை வைத்து, நீர்க்குமிழியைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு விரல் எறங்கணும்," என்றார்.

"ஏப்ரல் ஆயிடும்," என்றார் ஓரெஸ்ட்.

ஐசக் எழுந்து போனார். ரசமட்டத்தை எடுத்துப் போகவில்லை.

ஹாக்கிப் பயிற்சிக்குப் பிள்ளைகளைப் பக்கத்து ஊருக்கு அழைத்துப் போய்விட்டு மாலையில் நான் திரும்பும்போது அரங்கத்தின் பக்கக் கதவு திறந்திருக்கும். ஈரச் சிமெண்ட்டில் ஓரெஸ்ட் மண்டியிட்டிருப்பார். குமிழி நகர்கிறதா என்று பார்ப்பார். அது ஒரு நாளில் நகராது. தெரிந்தும் பார்ப்பார்.